கிடங்கில் தேங்கிய ரப்பரும் துன் சம்பந்தனும்: ஒரு கையிருப்புக் கணக்கு சொல்லும் வாழ்க்கைக் கதை

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் துன் சம்பந்தன் மோனோரெயில் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். ஈப்போவில் அதே பெயருள்ள சாலையில் கார் நிறுத்த இடம் தேடியிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் ம.இ.கா. தலைவர், சுதந்திரக் காலத்து அமைச்சர் என்று இரண்டு வரி படித்திருப்பீர்கள். அதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம். மலேசியப் புள்ளிவிவரத் துறை மாதா மாதம் ரப்பர் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு ஏற்றுமதி, என்ன விலை என்பதோடு எவ்வளவு கையிருப்பு என்றும் அதில் இருக்கும். செய்தி வாசிப்பவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். கையிருப்பு எண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை.

சரி, இந்த எண்ணுக்கும் துன் சம்பந்தனுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. அவர் பிறந்தது முதல் இறந்தது வரை, அவருடைய ஊர் மக்களின் சாப்பாட்டுத் தட்டை முடிவு செய்தது இந்தக் கையிருப்புதான். அந்த மக்களுக்காக அவர் செய்த மிகப் பெரிய வேலையும் அதற்கான பதில்தான்.

முதலில்: கையிருப்பு ஏன் முக்கியம்?

ஒரு முறுக்கு வியாபாரியை நினைத்துப் பாருங்கள். மாதம் 100 டின் விற்கிறார். வீட்டில் எப்போதும் 150 டின் இருப்பு வைத்திருக்கிறார். அதாவது ஒன்றரை மாத விற்பனைக்கான சரக்கு. தீபாவளிக்கு முன்னால் அது 400 டின் ஆனால் பயப்பட வேண்டாம். விற்றுப் போகும் என்று நம்பித்தான் செய்து வைக்கிறார்.

ஆனால் தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்தும் அதே 400 டின் அங்கேயே இருந்தால்? விற்பனையும் 80-க்கு இறங்கியிருந்தால்? இப்போது கையில் இருப்பது ஐந்து மாதச் சரக்கு. அடுத்து என்ன நடக்கும் என்று பொருளாதாரம் படிக்காதவருக்கும் தெரியும். மாவு வாங்குவதை நிறுத்துவார். உதவிக்கு வருபவரை கொஞ்ச நாள் வர வேண்டாம் என்பார். மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளுவார்.

தொழிற்சாலைகளுக்கும் இதே கணக்குதான். கையிருப்பை மாத விற்பனையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொருளாதார வல்லுநர்கள் கவனமாகப் பார்ப்பது இதனால்தான். விற்பனையோடு சேர்ந்து கையிருப்பு ஏறினால் அது நம்பிக்கையாக இருக்கலாம். விற்பனை இறங்கும்போது கையிருப்பு ஏறினால் அது எச்சரிக்கை. ஆட்குறைப்புச் செய்தி வருவதற்கு முன்பே இந்த எண்ணில் அது தெரிய ஆரம்பித்துவிடும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு எப்போதும் செய்தவர் வீட்டில்தான் தேங்கும் என்று இல்லை. வாங்கியவர் கிடங்கிலும் தேங்கும். அப்போது விற்பவருக்கு அது கண்ணுக்குத் தெரியாது. ஆர்டர் நின்ற பிறகுதான் புரியும். பேராக்கின் ரப்பர் தோட்டங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த பிள்ளை

வீராசாமி திருஞானசம்பந்தன் 1919 ஜூன் 16-இல் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அப்பா வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாயா வந்தவர். பின்னர் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சொந்தமாக ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர்களில் ஒருவரானார். அந்தக் காலத்தில் தோட்டம் என்றால் முதலாளி வெள்ளைக்காரக் கம்பெனி, மரம் சீவுபவர் தமிழர் என்பதுதான் வழக்கம். முதலாளியாகவே இருந்த தமிழர்கள் மிகக் குறைவு.

ஆகவே சம்பந்தன் லயத்து வீட்டில் வளர்ந்தவர் இல்லை. ஆனால் லயத்தைப் பார்த்து வளர்ந்தவர். விடியற்காலைப் பெரட்டு, உளியும் வாளியுமாகக் காட்டுக்குப் போகும் வரிசை, மங்கில் சொட்டும் பால் எல்லாம் வாசலிலேயே இருந்தன.

பக்கத்து ஊரான கோலகங்சாரில் உள்ள கிளிபர்ட் பள்ளியில் படித்தார். மலாயாவுக்கு ரப்பர் வந்த கதையும் அதே கோலகங்சாரில்தான் தொடங்குகிறது. 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளில் சில இங்கே நடப்பட்டன. அவற்றில் ஒரு கிழட்டு மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. ஈப்போ பக்கம் போனால் கொஞ்சம் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

3 வயதில் ஒரு திட்டம், 13 வயதில் ஒரு சரிவு

முதல் உலகப் போர் முடிந்து இரண்டு வருடத்தில் உலகக் கிடங்குகளில் ரப்பர் தேங்கிவிட்டது. போருக்கு முந்தைய நல்ல விலையை நம்பி நட்ட மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பால் கொடுக்க ஆரம்பித்திருந்தன. ரப்பர் மரத்தின் சிக்கலே இதுதான். நட்டால் ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவர் விற்கப்போவது அடுத்த ஆறேழு வருடத்துக்குப் பிறகு வரும் விலையில்.

1922-இல், சம்பந்தனுக்கு 3 வயது இருக்கும்போது, பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவும் சிலோனும் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கையிருப்பு கரைந்தால் விலை ஏறும். கணக்கு அவ்வளவுதான்.

ஏறியது. 1925-இல் நியூயார்க்கில் ஒரு ராத்தல், அதாவது கிட்டத்தட்ட 450 கிராம் ரப்பர், உச்சத்தில் ஒரு டாலரைத் தாண்டியது. அதிக விலை எப்போதும் போட்டியைக் கூப்பிடும். திட்டத்தில் சேராத டச்சு கிழக்கிந்தியா, அதாவது இன்றைய இந்தோனேசியா, நடவைப் பெருக்கியது. ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் சொந்தமாக ரப்பர் தோட்டமே போடக் கிளம்பினார். 1928-இல் பிரிட்டன் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த வருடமே உலகப் பெருமந்தம்.

கார் விற்கவில்லை என்றால் டயர் விற்காது. டயர் விற்கவில்லை என்றால் ரப்பர் கிடங்கை விட்டு நகராது. 1932-இல் நியூயார்க் விலை ஒரு ராத்தலுக்கு 3, 4 காசுக்கு விழுந்தது. டாலர் இல்லை, காசு.

அமெரிக்கக் கார்க்கடையில் தொடங்கிய அந்தத் தேக்கம் பேராக் தோட்டத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? கூலி குறைந்தது, வேலை நாள் குறைந்தது, கடைசியில் கப்பல் வந்தது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான தென்னிந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். முறுக்கு வியாபாரி உதவியாளரை வர வேண்டாம் என்று சொன்னதைப் போலத்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே வேலையோடு சேர்த்து வீடும் ஊரும் போய்விட்டது.

அப்போது சம்பந்தனுக்கு வயது 13. அவர் மனதில் என்ன ஓடியது என்று நாம் ஊகிக்க வேண்டாம். ஆனால் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாமல் போயிருக்காது.

போர், செயற்கை ரப்பர், திரும்பி வருதல்

பள்ளி முடித்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். தமிழும் தேசியமும் கொதித்துக்கொண்டிருந்த காலம். காந்தி, காங்கிரஸ், விடுதலைப் போராட்டம் எல்லாம் அவர் மீது ஆழமாகப் பதிந்தன. பிற்காலத்தில் அவர் வேட்டியும் ஜிப்பாவுமாக நடந்ததற்கும், தமிழில் மேடையேறியதற்கும் வேர் அங்கேதான்.

இதற்கிடையில் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ரப்பர் ஒரேயடியாக நின்றது. அமெரிக்கா என்ன செய்தது? பெட்ரோலியத்திலிருந்தும் ஆல்கஹாலிலிருந்தும் செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அவசரமாகக் கட்டியது. போருக்கு முன் சில ஆயிரம் டன்னாக இருந்த அதன் செயற்கை ரப்பர் உற்பத்தி, போர் முடிவதற்குள் ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னைத் தாண்டியது.

ஆக, போருக்குப் பிறகு தோட்டங்கள் திறந்தபோது சந்தை பழைய சந்தை இல்லை. இனிமேல் ரப்பரின் விலைக்கு எப்போதும் மேலே ஒரு கூரை இருக்கும். விலை ரொம்ப ஏறினால் டயர் கம்பெனி செயற்கை ரப்பருக்கு மாறிவிடும்.

பிறந்தநாளன்று நடந்த கொலைகள்

1948 ஜூன் 16. சம்பந்தனுக்கு 29 வயது நிறைந்த நாள். அன்று காலை அவருடைய சொந்த வட்டாரமான சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கங்கள் நொறுங்கின. தோட்ட மக்கள் கம்யூனிஸ்டுகளுக்கும் ராணுவத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டு வருடத்தில் கொரியப் போர் வந்தது. அமெரிக்கா போருக்கென்று ரப்பரை வாங்கிக் குவிக்க ஆரம்பித்தது. 1949-இல் ராத்தல் 40 மலாயா காசுக்கும் கீழே இருந்த விலை, 1951 தொடக்கத்தில் 2 வெள்ளிக்கும் மேலே பாய்ந்தது. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கடைகள் களைகட்டின. ஆனால் கவனியுங்கள். அந்த ரப்பரில் ஒரு பெரிய பங்கு டயராக ஓடவில்லை. கிடங்கில் போய் உட்கார்ந்தது. நாம் முதலில் பேசிய கணக்கு இங்கே பொருந்துகிறது. விற்றுவிட்டோம் என்று மலாயா நினைத்தது. உண்மையில் கையிருப்பு கை மாறி மட்டும் இருந்தது.

1953-இல் விலை 70 காசுக்கும் கீழே இறங்கிவிட்டது. கூலியை ரப்பர் விலையோடு கட்டிப்போடும் ஒப்பந்தங்கள் இருந்ததால், விலை இறங்கினால் சீவுபவரின் சம்பளமும் கூடவே இறங்கும்.

அந்த 1950-களில்தான் சம்பந்தன் முழுநேர அரசியலுக்கு வந்தார். பேராக் ம.இ.கா.வில் தொடங்கி, 1955-இல் கட்சியின் தேசியத் தலைவரானார். அதுவரை படித்தவர்களும் நகரத்தவர்களும் நிரம்பியிருந்த கட்சியைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார். கிளைகள் லயங்களில் முளைத்தன. கூட்டங்கள் தமிழில் நடந்தன. சுங்கை சிப்புட்டில் 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி திறக்கப்பட்டதும் அவருடைய முயற்சியால்தான்.

1955 பொதுத்தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. வட கிந்தா தொகுதியில் சம்பந்தன் வென்றார். முதல் பொறுப்பே தொழிலாளர் அமைச்சு. பிறகு சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, தேசிய ஒருமைப்பாடு என்று 1970-களின் நடுப்பகுதிவரை அமைச்சரவையில் இருந்தார். 1959 முதல் சொந்த ஊரான சுங்கை சிப்புட்டே அவருடைய தொகுதி.

தோட்டத் துண்டாடல்: விற்பனைக்கு வந்த ஊர்

1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் ரப்பரிலிருந்து வந்தது. ஆனால் தோட்ட முதலாளிகள் பலர் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். புதிய நாட்டின் அரசியல் எப்படிப் போகுமோ என்ற பயம் ஒரு பக்கம். செயற்கை ரப்பரின் போட்டி இன்னொரு பக்கம். அமெரிக்கக் கிடங்கில் குவிந்து கிடக்கும் ரப்பர் எப்போது சந்தைக்கு வருமோ என்ற கேள்வி வேறு. 1959-இன் இறுதியில் அமெரிக்கா அந்தக் கையிருப்பை விற்க ஆரம்பித்தது. பிரிட்டனும் தன் இருப்பை வெளியே விட்டது. 1960-இல் சராசரி விலை ராத்தலுக்கு ஒரு வெள்ளியைத் தாண்டியிருந்தது. 1960-களின் கடைசியில் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

வெளியேறும் முதலாளியிடம் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி விற்கும் ஆட்கள் வந்தார்கள். மொத்தமாக வாங்கிய விலையைவிடத் துண்டு விலை கூடுதல். இதைத்தான் நம்மூரில் தோட்டத் துண்டாடல் என்பார்கள். பேராசிரியர் உங்கு அஜிஸ் இதைப் பற்றித் தனி ஆய்வே செய்து 1960-களின் தொடக்கத்தில் வெளியிட்டார்.

100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கணக்கில் அது எஸ்டேட். 15, 20 ஏக்கர் துண்டு எஸ்டேட் இல்லை. துண்டை வாங்கியவர் தன் குடும்பத்தை வைத்தோ, குத்தகைக்கு ஆள் வைத்தோ சீவிக்கொள்வார். பழைய தோட்டத்து ஆட்கள் அவருக்குத் தேவையில்லை. லயம், ஆயக்கொட்டகை, தோட்டத்துப் பள்ளி, கோயில் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகிவிடும்.

1930-களில் கப்பலேற்றி அனுப்பியதும், 1950-களில் துண்டு போட்டு விற்றதும் பார்க்க வேறு வேறு சம்பவங்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர் ஒருவரே. தொழிலாளியிடம் நிலம் இல்லை, வீடு இல்லை, சேமிப்பும் இல்லை. சந்தை ஆடும்போது பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு கம்பம்கூட இல்லை.

பத்துப் பத்து வெள்ளியாக ஒரு தோட்டம்

சம்பந்தன் கண்டுபிடித்த வழி எளிமையானது. தோட்டம் விற்பனைக்கு வருகிறதா? அதை நாமே வாங்குவோம். அதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டத் தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை கட்டி 100 வெள்ளிப் பங்குக்கு உரிமையாளர் ஆகலாம்.

10 வெள்ளி என்றால் இன்று ஒரு வேளை நாசி கண்டார்கூட வராது. அன்று அது பல நாள் கூலி. அதைக் கொடுங்கள் என்று கேட்க சம்பந்தனும் அவருடைய ஆட்களும் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார்கள். பலருக்கு நம்பிக்கை வரவில்லை. வராததில் தப்பும் இல்லை. கங்காணியிடமும் வட்டிக்காரரிடமும் பட்ட அனுபவம் அப்படி. சீவுகிறவன் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆவான் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் பணம் சேர்ந்தது. அடுத்த வருடம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுதான் முதல் தோட்டம். அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 1979-க்குள் 15-க்கும் மேற்பட்ட தோட்டங்கள், 80,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்.

இதைப் பொருளாதாரப் பாடமாகப் பாருங்கள். சங்கத்தால் ரப்பர் விலையை ஒரு காசுகூட மாற்ற முடியாது. அமெரிக்கக் கிடங்கில் எத்தனை டன் இருக்கிறது என்பதையும் மாற்ற முடியாது. ஆனால் விலை சரியும்போது முதல் அடி யார் மேல் விழும் என்பதை மாற்றலாம். கம்பெனித் தோட்டத்தில் நஷ்டம் வந்தால் லண்டனில் இருக்கும் பங்குதாரருக்காகத் தோட்டத்தையே விற்றுவிடலாம். சங்கத் தோட்டத்தில் பங்குதாரரே சீவுபவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று இவரை வெளியே அனுப்ப யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

எல்லாம் சரியாக நடந்ததா?

இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஆயிரக்கணக்கான தோட்டங்கள் இருந்த நாட்டில், பத்துப் பதினைந்து தோட்டங்களைக் காப்பாற்றியது ஒரு சிறு பகுதிதான். பெரும்பாலான தோட்ட மக்கள் கம்பெனித் தோட்டத்திலேயே இருந்தார்கள். பங்கு வாங்கிய பலர் வேலை செய்தது வேறு தோட்டத்தில். அவர்களுக்குக் கிடைத்தது லாப ஈவு. குடியிருந்த வீட்டின் மேல் உரிமை கிடைக்கவில்லை. பின்னாளில் செம்பனைக்கு மாறியபோதும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் போனபோதும் லயங்கள் காலியாயின. இன்று ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் பழைய சாலையில் போனால், ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை நிற்பதைப் பார்க்கலாம். தோட்டம் மறைந்த பிறகும் சில இடங்களில் கோயில் மட்டும் தனியாக நிற்கும்.

இன்னொரு விமர்சனமும் உண்டு. ஆளும் கூட்டணிக்குள் இருந்துகொண்டு அவர் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம் என்பார்கள். துண்டாடலைச் சட்டத்தால் தடுத்திருந்தால், வாங்கிக் காப்பாற்ற வேண்டிய தேவையே வந்திருக்காது என்பது அந்த வாதம். இதை ஒதுக்கித் தள்ள முடியாது. சிறுபான்மைச் சமூகத்தின் சிறிய கட்சிக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதும் அதே தராசில் வைக்க வேண்டிய கேள்வி.

கட்சிக்குள்ளேயும் அதிருப்தி வளர்ந்தது. 18 வருடம் தலைவராக இருந்த பிறகு, 1973-இல் பதவியை மாணிக்கவாசகத்திடம் விட்டுக் கொடுத்து விலகினார். அப்பா விட்டுப்போன சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்விலேயே கரைந்திருந்தது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தை அவர் விடவில்லை. 1979 மே 18-இல் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தார்.

அவர் போன பிறகு: இரண்டு கிடங்குகள்

அவர் இறந்து ஐந்து மாதத்தில், 1979 அக்டோபரில், உலக நாடுகள் இயற்கை ரப்பர் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. விலை விழுந்தால் வாங்கிச் சேர்ப்பது, ஏறினால் விற்பது என்று 5,50,000 டன் வரை கையிருப்பு வைக்கலாம் என்பது ஏற்பாடு. அதன் தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தது. 1999-இல் அது முடிவுக்கு வந்தது.

ஈப்போக்காரர்களுக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருப்பது ஈயக் கதை. ஈயத்துக்கும் இதே மாதிரி ஒரு சர்வதேசக் கையிருப்பு இருந்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க வாங்கிக்கொண்டே போனார்கள். அதிக விலையைப் பார்த்து வெளியே உற்பத்தி கூடியது, வாங்குபவர்கள் குறைந்தார்கள், கிடங்கு நிரம்பியது. 1985 அக்டோபர் 24-இல் வாங்கக் காசு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். விலை பாதிக்கும் கீழே போனது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் வரிசையாக மூடின. தஞ்சோங் துவாலாங்கில் நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய ஈயக்கப்பல் அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

இப்போது உங்கள் முறை

இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்று நினைக்கிறீர்களா? 2020-ஐ நினைத்துப் பாருங்கள். கோவிட் காலத்தில் உலகமே ரப்பர் கையுறைக்கு மலேசியாவை நோக்கி ஓடி வந்தது. விலை பல மடங்கு ஏறியது. ஆலைகள் புது இயந்திரம் போட்டன. ஆனால் வெளிநாட்டு மருத்துவமனைகளும் மொத்த வியாபாரிகளும் வாங்கியதில் பெரும்பகுதி உடனே உபயோகத்துக்குப் போகவில்லை, அலமாரிக்குப் போனது. 2022-இல் ஆர்டர் சுருங்கியது. ஆலைகள் பழைய இயந்திரங்களை நிறுத்தின, ஆட்களைக் குறைத்தன. 1951-இல் நடந்ததை வேறு பொருளில் மறுபடி பார்த்தோம்.

ஈப்போவில் மின்னணுச் சில்லு பொருத்தும் ஆலைகளில் உங்கள் நண்பர் யாராவது வேலை செய்யலாம். அந்தத் துறையிலும் இதேதான். 2021-இல் சில்லு இல்லை என்று கார் ஆலைகள் நின்றன. எல்லோரும் பயந்து கூடுதலாக வாங்கி வைத்தார்கள். 2023-இல் கிடங்கு நிறையச் சில்லு, ஓவர்டைம் கட்.

ஆகவே அடுத்த முறை உற்பத்தித் துறை விற்பனை இவ்வளவு விழுக்காடு கூடியது என்று செய்தி வந்தால், மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, விற்பனையோடு கையிருப்பும் எப்படிப் போகிறது? புள்ளிவிவரத் துறை உற்பத்தித் துறையின் விற்பனை மதிப்பு, வேலையாட்கள் எண்ணிக்கை, சம்பளம் ஆகியவற்றை மாதந்தோறும் தருகிறது. ரப்பர் இருப்பு தனி அறிக்கையில் வரும். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் கையிருப்பு மாற்றம் என்று ஒரு வரி இருக்கும்.

இரண்டு, விற்ற சரக்கு உபயோகத்துக்குப் போகிறதா, இன்னொருவர் கிடங்குக்குப் போகிறதா?

மூன்று, கணக்கு தப்பினால் முதலில் யார் சம்பளம் குறையும்?

முதல் இரண்டுக்கும் அறிக்கைகளில் ஓரளவு பதில் கிடைக்கும். மூன்றாவதுக்கு எந்த அட்டவணையிலும் பதில் இருக்காது. சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ஒருவர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து பதில் தேடியது அந்த மூன்றாவது கேள்விக்குத்தான். முழுப் பதில் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்த முயற்சியில் பங்கு வைத்திருந்தார்கள். உங்கள் பாட்டியின் இரும்புப் பெட்டியில் அந்தப் பழைய பங்குப் பத்திரம் ஒன்று இருக்கலாம். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.